வைஃபை வழியாக வந்தால் பாட்டின் தரம் குறையுமா?

ஆகஸ்ட் 9, மாலை
கண்டனூர் வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பூர்வீக வீட்டின் முகப்புக் கூடத்தில் நல்ல ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வைத்திருக்கிறேன். பாட்டு வைஃபை மூலம் ஸ்ட்ரீமர் என்ற பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. வீணை கேட்டால் கமகம் எல்லாம் கலங்கித் தெரிகிறது. காற்றில் வரும்போது நுணுக்கங்கள் சிந்திவிடுகின்றன, கேபிள் போட்டால் தெளிந்துவிடும் என்று சென்னைக் கடைக்காரர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அவர் காட்டும் நெட்வொர்க் கேபிளின் விலை என் ஸ்பீக்கர் விலையில் பாதி. வாங்கலாமா?"

ஆகஸ்ட் 9, இரவு 9.20
வாங்க வேண்டாம். காரணம் நீளமானது, சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். அதற்குள் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 9, இரவு 10.50
காரைக்குடியில் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பது என் தொழில். இதே கேள்வியோடு என் மேசைக்கு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால் கணக்கையே எழுதிவிடுகிறேன்.

சி.டி. தரத்தில் ஒரு விநாடி இசை என்பது 44,100 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட், அதாவது 1.4 மெகாபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பை எடுத்துக்கொண்டாலும் 9.2 மெகாபிட்தான். 1999இல் வந்த பழைய வைஃபை தரத்திற்கே உச்சவேகம் 11 மெகாபிட் என்று குறித்திருந்தார்கள். இன்று வீட்டில் இருக்கும் சாதாரண ரூட்டர் அதைப்போலப் பல மடங்கு கொண்டுவரும். ஒரே நேரத்தில் இரண்டு படம் ஓடுகிற வீட்டில் ஒரு வீணைக் கச்சேரிக்கு இடம் போதாது என்று சொல்வதில் பொருளே இல்லை.

சரி, சிந்துகிறதா? வைஃபையில் தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒவ்வொன்றின் கடைசியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். வாங்குகிற கருவி தானும் கணக்குப் போட்டுப் பார்த்து, எண் பொருந்தாவிட்டால் அந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடும். ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் கிடைக்காததால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். அதற்கு மேலே டிசிபி என்ற இன்னொரு காவலும் இருக்கிறது. இவ்வளவையும் மீறி ஒன்று வராமலே போனால் பாட்டு நிற்கும், அல்லது ‘டப்’ என்று வெட்டும். கமகத்தை மட்டும் பொறுக்கி எடுத்துத் தேய்க்கிற பிழை கிடையாது. எந்த பிட் வீணைக்குரியது, எது மிருதங்கத்திற்குரியது என்று காற்றுக்குத் தெரியாது.

கலங்கலாக ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டு ஒரு நோய். விட்டு விட்டு நிற்கும் பாட்டு வேறு நோய். உங்களுடையது முதல் வகை. அதற்கு வைஃபை காரணமாக இருக்க வழியில்லை.

ஆகஸ்ட் 10, காலை
தேவகோட்டையிலிருந்து ஒருவர் மறுக்கிறார். பிட் சரியாக வந்தாலும் நேரம் தவறி வருகிறதே, அந்த ஆட்டம்தானே ஒலியைக் கெடுக்கிறது என்கிறார்.

நேரம் தவறி வருவது உண்மை. பொட்டலங்கள் வரிசையாக நடந்து வருவதில்லை. கூட்டமாக வரும், சற்று நேரம் ஒன்றுமே வராது. ஆனால் அவை நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. முதலில் ஸ்ட்ரீமரின் நினைவகத்தில் சேர்கின்றன. நம் ஊருணிக்கு மழை எப்போது வேண்டுமானாலும் வருகிறது, குடத்தில் மொள்ளுகிறவர்கள் தங்கள் நேரத்திற்கு மொள்ளுகிறார்கள், அப்படித்தான். நினைவகத்திலிருந்து மாதிரிகளை எடுத்து மின்னலையாக மாற்றும் வேகத்தை, டேக் எனப்படும் மாற்றிக்குப் பக்கத்தில் இருக்கும் படிகக் கடிகாரம் தீர்மானிக்கிறது. அந்தக் கடிகாரம் நல்லதா மட்டமா என்று கேளுங்கள், நியாயமான கேள்வி. கேபிளில் வந்தாலும் வைஃபையில் வந்தாலும் கடிகாரம் அதேதான்.

1 மெகாபைட் நினைவகத்தில், சுருக்காத சி.டி. தர இசை ஆறு விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். பல ஸ்ட்ரீமர்களில் அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, இரவு
என்னை நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பழக்கமான பாட்டு ஒன்றைப் போடுங்கள். அது ஓடும்போதே இன்னொருவரை ரூட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கச் சொல்லுங்கள். எப்போது பிடுங்கினார் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. பாட்டு உடனே நிற்காது, நினைவகத்தில் இருப்பது தீரும்வரை ஓடும். சில செயலிகளில் முழுப் பாட்டும் முன்கூட்டியே இறங்கியிருக்கும். வைஃபை ஒலியைக் கலக்கிக்கொண்டிருந்தால் பிடுங்கிய கணத்தில் தெளிவு பிறக்க வேண்டும் அல்லவா? கையை உயர்த்தி அந்தக் கணத்தைச் சொல்லுங்கள் பார்க்கலாம். என் கடைக்கு வந்து இதைச் செய்தவர்களில் ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. கூர்மையான காது உள்ள நாகஸ்வரக்காரர் ஒருவரும் அவர்களில் உண்டு.

ஆகஸ்ட் 12
பள்ளத்தூர் வாசகரின் ஆட்சேபம் இதுவரை வந்தவற்றிலேயே தரமானது: "ரூட்டரைப் பிடுங்கினாலும் ஸ்ட்ரீமருக்குள் இருக்கும் வைஃபை ரேடியோ அணைவதில்லையே. அது ரூட்டரைத் தேடிச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டுதானே இருக்கும்? அந்த ரேடியோவின் இரைச்சல் பக்கத்திலிருக்கும் அனலாக் சுற்றுக்குள் புகுந்தால்?"

உண்மை. ரூட்டரைப் பிடுங்கும் சோதனை, தகவல் வரும் பாதை குற்றவாளியா என்பதை மட்டும் சொல்லும். ரேடியோவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு வேறு சோதனை வேண்டும். பாட்டை நிறுத்துங்கள். ஒலியளவை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் இடத்துக்கு மேலே கொண்டுபோய் வையுங்கள். ஸ்பீக்கரின் சிறிய கூம்பருகே காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ இருக்கும், அது எல்லா ஆம்ப்ளிஃபையருக்கும் உரியது. இப்போது ஸ்ட்ரீமரின் அமைப்பில் வைஃபையை அணையுங்கள், மறுபடி போடுங்கள். ‘ஸ்ஸ்’ மாறினாலோ, ‘டிக் டிக்’ என்றோ ‘ட்ர்ர்’ என்றோ புதிதாக ஒன்று சேர்ந்தாலோ ரேடியோ உள்ளே புகுகிறது. மாறவில்லை என்றால் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்கிறவருக்கு அதனால் தொல்லை இல்லை. ஒலியளவை முன்போலக் குறைத்த பிறகே பாட்டைப் போடுங்கள், இல்லாவிட்டால் கூம்பு கிழிந்துவிடும்.

ஆகஸ்ட் 13
கோட்டையூரில் கணினி படிக்கும் பிள்ளை கேட்கிறார், பிட் ஒன்றுகூட மாறவில்லை என்று நிரூபிக்க முடியுமா என்று. முடியும். ஃப்ளாக் என்பது தகவலை இழக்காமல் சுருக்கிய இசைக் கோப்பு. அது ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும், சுருக்குவதற்கு முன்பிருந்த ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும். கோப்பை வைஃபையில் அனுப்பி, மறுமுனையில் விரித்து, எண்ணைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பிட் புரண்டாலும் எண் அடியோடு மாறிவிடும்.

ஆகஸ்ட் 17
ரேடியோ இரைச்சல் புகுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேவகோட்டையில் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன், காதாலும் கேட்டேன்.

அந்த வீட்டு ஐயா காலத்து இசைத்தட்டுகள் அலமாரி நிறைய இருக்கின்றன. இந்தப் பக்கத்துக்கு இசைத்தட்டுப் பித்து பழையது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்கப் போவதற்கு முன் இசைத்தட்டு வியாபாரத்தில்தான் கால் ஊன்றினார். பேரன் புது டர்ன்டேபிள் வாங்கி, ஐயாவின் தட்டுகளைப் போட்டுக் கேட்கிறார். பாட்டுக்கு அடியில் விநாடிக்குப் பத்து தடவை மெல்லிய ‘டிக்’. தட்டில் கீறல் என்று நினைத்துத் துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டார். தட்டை எடுத்த பிறகும் டிக் நிற்கவில்லை.

இசைத்தட்டு ஊசியின் சமிக்ஞையை முதலில் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்ளிஃபையரின் தலைமேல் ரூட்டர் உட்கார்ந்திருந்தது. வைஃபை ரூட்டர் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அறிவிக்கும், வழக்கமான அமைப்பில். விநாடிக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. அதுதான் அந்த டிக். இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு பெருக்கிய பிறகே ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கிறோம். அவ்வளவு மெலிந்த சமிக்ஞை பக்கத்தில் ரேடியோவை வைத்தால் முதல் டிரான்சிஸ்டரே அதைப் பிடித்துக் கேட்கும் ஒலியாக்கிவிடும். ரூட்டரை ஆறடி தள்ளி வைத்தேன், டிக் போய்விட்டது. ஊசியிலிருந்து வரும் வயரில் ரேடியோ அலையைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தையும் மாட்டினேன். பழைய செல்போன்கள் ஸ்பீக்கர் பக்கத்தில் ‘டிட்-டிடிட்’ என்று கத்தியது நினைவிருக்கும். அது விநாடிக்கு 217 துடிப்பு. வழி ஒன்றே, துடிப்பு மட்டும் வேறு.

கவனியுங்கள், இதுவும் பாட்டைக் கலக்கவில்லை. பாட்டின்மேல் தனியாக ஓர் ஓசையைச் சேர்த்தது. கண்டனூர் வாசகர் அப்படி எதுவும் கேட்பதாக எழுதவில்லை.

ஆகஸ்ட் 23
புளூடூத்தையும் வைஃபையையும் ஒன்றாகக் குழப்பி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யலாம், உறவு அத்தோடு முடிந்தது. புளூடூத்தில் பாட்டை அனுப்பும்போது அது மறுபடி சுருக்கப்படுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் வழக்கமான உச்சம் 328 கிலோபிட். சி.டி.யின் 1,411 கிலோபிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்டாக் முறையே 990தான் தரும். அங்கே உண்மையில் தகவல் கழிக்கப்படுகிறது. காதுக்குத் தெரியுமா என்பது பாட்டையும் கருவியையும் பொறுத்தது. சுருதிப்பெட்டியின் ரீங்காரத்திலும் ஜால்ராவின் ஓசையிலும் எனக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு மறைவான இடம் செயலி. பாட்டுச் செயலியின் தர அமைப்பு ‘தானியங்கி’ என்றிருந்தால், நெட்வொர்க் தளரும்போது அது சத்தம் போடாமல் கீழ்த்தரக் கோப்புக்கு இறங்கிவிடும். ஸ்பாட்டிஃபையில் 320 கிலோபிட் வரவேண்டிய இடத்தில் 96 வரக்கூடும். ‘வைஃபை சரியில்லாத அறையில் பாட்டு மட்டமாக இருக்கிறது’ என்று சொல்கிறவர்கள் பலருக்கு நடப்பது இதுதான். அவர்கள் காது பொய் சொல்லவில்லை, காரணத்தை மட்டும் வேறு இடத்தில் தேடுகிறார்கள். தரத்தை உச்சத்தில் நிலையாக வைத்துவிடுங்கள். தாங்காவிட்டால் பாட்டு நிற்கும், நின்றால் வைஃபையைச் சரிசெய்யலாம்.

ஆகஸ்ட் 24
நேற்றையதன் தொடர்ச்சி. நம் செட்டிநாட்டு வீடுகளில் வைஃபை தளர்வதற்குச் சுவர் முக்கியக் காரணம். இரண்டடிக் கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும். அலை முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போக அப்படி மூன்று சுவர்களைக் கடக்க வேண்டும். போதாததற்கு ஆளுயரக் கண்ணாடிகள். அவற்றின் பின்பூச்சு உலோகம், அலையைத் திருப்பி அடிக்கும். சில வீடுகளில் வர்ணம் தீட்டிய தகரக் கூரைத்தளம் உண்டு, அதன்வழியே மாடிக்கு ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 கொஞ்சம் தாங்கும், ஆனால் அடுப்படியில் மைக்ரோவேவ் ஓடும்போது இதே அலைவரிசையில் இரையும்.

சுவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரூட்டரை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், முற்றத்தைப் பார்த்த தூண் ஒன்றின் மேல்புறத்தில் வையுங்கள். முற்றம் திறந்த வெளி. சுற்றியுள்ள அறைகளுக்கு வாசல்வழியே அலை போகும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் வைஃபையைப் பெருக்கும் கருவிகளாக வாங்கிக் குவித்திருந்தார்கள். எல்லாவற்றையும் கழற்றி ஒரே ரூட்டரை வளவுத் தூணுக்கு மாற்றியதில் போசனக் கூடம்வரை பாட்டு நிற்காமல் ஓடியது. கார்த்திகை மழையில் சாரல் படாத தூணாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 31, இரவு
இன்று கண்டனூர் போய்வந்தேன். எழுத நிறைய இருக்கிறது.

முகப்புக் கூடத்தில் நுழைந்து, பாட்டைப் போடுவதற்கு முன் ஒருமுறை கைதட்டினேன். அந்த ஒரு தட்டு கூரைக்குப் போய், எதிர்ச்சுவருக்குப் போய், தூண்களைச் சுற்றி, நான் வீட்டுக்காரர் முகத்தைத் திரும்பிப் பார்த்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. "கேட்டீர்களா?" என்றேன். "இந்த வீட்டில் எப்போதும் இப்படித்தான்" என்றார். அவருடைய ஆயா, அதாவது பாட்டி, பக்கத்தில் நின்றவர், "கல்யாணத்துக்கு மேளம் வாசித்தால் இங்கே பேச்சே கேட்காது தம்பி, அதனால்தான் மேளக்காரரை வெளித் திண்ணையில் உட்கார வைப்போம்" என்றார். ஆச்சரியப்பட்டுப் போனேன். அந்த வீட்டின் ஒலியியலை ஆயா முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

கூடத்தின் தரை ஆத்தங்குடிக் கல். சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. உள்ளங்கையை வைத்தால் கண்ணாடிபோல் வழுக்குகிறது. தூண்கள் பர்மா தேக்கு. எங்கும் வழவழப்பு, ஒலியை விழுங்கக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. நாற்காலிகள் ஆறும் மரம், மெத்தை கிடையாது.

வாலஸ் சபைன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1895 தொடங்கி இதை அளந்து ஒரு சூத்திரம் கொடுத்தார். அறையின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிய எத்தனை விநாடி ஆகும் என்று கிடைக்கும். கூடம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். கனஅளவு 360. மரக்கூரை, கதவு எல்லாம் சேர்த்து உறிஞ்சும் பரப்பை 16 சதுர மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். விடை 3.6 விநாடி. பாட்டுக் கேட்கும் வீட்டு அறைக்கு அரை விநாடிக்குள் இருந்தால் நல்லது.

மூன்றரை விநாடிக்குள் வீணையில் எத்தனை ஸ்வரம் வந்துபோகிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடத்தில் மிதக்கின்றன. காரைக்குடி சகோதரர்கள் பேர் சொல்லி வளர்ந்த வீணை வழி நம்முடையது. தந்தியை இழுத்து அசைத்து வீணைத் தண்டின் ஒரே மெட்டில் மூன்று ஸ்வரம் காட்டுவது அதில் உயிர்நாடி. அந்த அசைவு எதிரொலியில் கரைந்துபோகிறது. அவர் கலங்கல் என்று எழுதியது முழுக்க உண்மை. அது ரூட்டரிலிருந்து வரவில்லை, சுவரிலிருந்து வருகிறது.

இன்னொரு கணக்கும் போட்டேன். அந்தக் கூடத்தில், எல்லாத் திசைக்கும் சமமாக ஒலிக்கும் ஒன்றை வைத்தால் 57 செ.மீ. தூரத்திலேயே எதிரொலி நேரொலிக்குச் சமமாகிவிடும். ஸ்பீக்கர் முன்பக்கமாக ஒலியைக் குவிப்பதைச் சேர்த்தாலும் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். அவருடைய நாற்காலி ஐந்து மீட்டர் தள்ளி இருந்தது. அங்கே உட்கார்ந்து அவர் கேட்டது பெரும்பாலும் வீட்டின் எதிரொலியை.

செப்டம்பர் 1
நேற்று எழுதாமல் விட்டது: வைஃபை, கேபிள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். என் பையில் இருந்த சாதாரண கேபிள். எது ஓடுகிறது என்று அவருக்குச் சொல்லவில்லை, ஒலியளவும் ஒன்றே. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அவரே சொன்னார். பிறகு ஸ்பீக்கரை ஒன்றரை மீட்டருக்கு இழுத்து வைத்து உட்காரச் சொன்னேன். பாட்டு பாதியில் இருக்கும்போதே எழுந்து நின்று, "இதுவரைக்கும் இந்தத் தந்தி எங்கே போயிருந்தது?" என்றார்.

செப்டம்பர் 3
சேலையைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்குமா என்று புதுவயலிலிருந்து கேட்கிறார்கள். சுவரோடு ஒட்டித் தொங்கும் மெல்லிய துணி மேல்ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் விழுங்கும். பாட்டு இன்னும் மந்தமாகத் தோன்றும். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 68 செ.மீ., அதில் கால்பங்கு 17 செ.மீ. துணியை அந்த அளவு சுவரிலிருந்து தள்ளி, கனமாக, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் நடு ஸ்தாயியும் அடங்கும். கெட்டிப் பருத்தி ஜமுக்காளம் நல்லது. தரையில் கோரைப்பாய் போதாது. இலவம்பஞ்சு மெத்தைகள் வீட்டில் சும்மா அடுக்கியிருந்தால் கூடத்தின் மூலைகளில் நிறுத்திப் பாருங்கள், செலவில்லாத மருந்து.

சுவரில் ஆணி அடித்துவிடாதீர்கள். அந்தப் பூச்சு பெயர்ந்தால் அதேபோல் பூசித் தரும் கொத்தனார் கிடைப்பது அரிதாகிவிட்டது. தூணுக்குத் தூண் கொடி கட்டித் தொங்கவிடுங்கள்.

செப்டம்பர் 7
ஆயா சொன்னது மனத்தைவிட்டுப் போகவில்லை. சபைன் கணக்கில் திறந்த வாசல் என்பது முழு உறிஞ்சி. வெளியே போன ஒலி திரும்பி வராது. வளவின் முற்றம் 6க்கு 4 மீட்டர் என்றால் 24 சதுர மீட்டர் வானம். முகப்புக் கூடம் முழுவதும் சேர்ந்து தருகிற 16ஐவிட அது ஒன்றே அதிகம்! அப்படியானால் பாட்டுக் கேட்க இந்த வீடுகளில் சரியான இடம் வளவுத் தாழ்வாரம்தான். முற்றத்தின் ஒரு பக்கத்தில் ஸ்பீக்கர், அதே பக்கத் தாழ்வாரத்தில் அருகிலேயே நாற்காலி. ரூட்டருக்கும் அதுதான் இடம் என்று முன்பே எழுதினேன். கண்டனூர் வாசகரே, இதைச் செய்து பார்த்து எழுதுங்கள். முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டுவிட்டவர்களுக்கு இது பொருந்தாது. கண்ணாடி ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். முற்றத்தை மூடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். காற்றுக்காகவும்தான்.

செப்டம்பர் 19
அரியக்குடியிலிருந்து: "கரண்ட் போனால் மட்டும் பாட்டில் உறுமல் வருகிறது. ரூட்டர் யூபிஎஸ்ஸுக்கு மாறுவதால் வைஃபை கெடுகிறதா?" இல்லை. அதே நேரத்தில் உங்கள் ஆம்ப்ளிஃபையரும் இன்வெர்ட்டருக்கு மாறுகிறது. பழைய ரக இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. அதில் 50 ஹெர்ட்ஸோடு 150, 250 எல்லாம் கலந்திருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் உறுமத்தான் செய்யும். சைன் அலை இன்வெர்ட்டராக மாற்றுங்கள். உறுமல் போவதோடு, அதில் ஓடும் மின்விசிறியும் முனகாமல் சுற்றும்.

அக்டோபர் 24
நேற்றைய இடிமழைக்குப் பிறகு ஒரே நாளில் எரிந்துபோன நெட்வொர்க் போர்ட்டுகள் பல என் மேசைக்கு வந்துவிட்டன. எல்லாம் முகப்பிலிருந்து கடைசிக் கட்டுவரை முற்றத்தின் குறுக்கே செப்புக் கேபிள் இழுத்த வீடுகள். பக்கத்தில் மின்னல் விழுந்தால் அவ்வளவு நீளக் கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம் இருமுனையிலும் இருக்கிற கருவியைத் தின்றுவிடும். கேபிள் கட்டாயம் என்றால் அந்தத் தூரத்துக்கு ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைக் கேபிள் போடுங்கள். இல்லையென்றால் வைஃபையே போதும். தரத்திற்காகக் கேபிள் என்று கிளம்பி, கடைசியில் கருவியைப் பறிகொடுத்தவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அக்டோபர் 26
கண்டனூரிலிருந்து பதில் வந்துவிட்டது. ஸ்பீக்கர்களை வளவுக்கு மாற்றிவிட்டார். மழை நாட்களில் மட்டும் மர அலமாரிக்குள் தள்ளும்படி கீழே சக்கரம் வைத்திருக்கிறார். வீணையில் ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாகக் கேட்கிறதாம். மாலையில் ஆயாவும் வந்து உட்கார்ந்துவிடுகிறாராம்.

அவருடைய பங்காளி ஒருவர் அந்த விலையுயர்ந்த கேபிளை முன்பே வாங்கிவிட்டார், இப்போது போட்டதிலிருந்து ‘ம்ம்’ என்று கேட்கிறது, என்ன செய்வது என்கிறார். கேபிளின் இரு முனைப் பிளக்குகளையும் பாருங்கள், உலோக உறை இருக்கும். அதன் வழியே ரூட்டரின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் சேர்ந்து சுழல் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் ஏறுகிறது. உறையில்லாத சாதாரண கேபிளில் இது வராது. போர்ட்டுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருபுறத்தையும் பிரித்து வைத்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் பிளக் உள்ள சாதாரண கேட் 6 கேபிளைப் போடட்டும். இரண்டு கருவியும் ஒரே அறையில்தான் இருக்கின்றன என்கிறார், ஆகவே மின்னல் பயம் இல்லை. பில் கையில் இருந்தால் பழையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பார்க்கட்டும்.